தாத்தாவின் மாத்திரைக் கணக்கு

மனித இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் தடவை துடிக்கிறது என்று பாடநூலில் படிக்கிறோம். நாம் உறங்கும்போதும் அது உறங்குவதில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டாலும் அதற்கு விடுமுறை கிடையாது. அப்படி ஓயாமல் உழைக்கும் இதயத்துக்கு ஒருமுறை நோய் வந்துவிட்டால், அதற்குக் கொடுக்கும் மருந்துக்கும் விடுமுறை விட முடியாது. சாதாரணக் காய்ச்சலுக்குச் சில நாட்கள் மாத்திரை சாப்பிட்டால் போதும். இதய நோயாளிக்கோ மாத்திரை என்பது சோற்றைப் போல, தண்ணீரைப் போல நாள் தவறாமல் வேண்டியது. இந்த உண்மையை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தாத்தாவின் மாத்திரைப் பெட்டிதான்.

என் தாத்தாவை எங்கள் ஊரில் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. 'மிலிட்டரிக்காரர்' என்றால் எல்லாருக்கும் தெரியும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போனார் என்று சொல்லும்படியான புகழ் எங்கள் ஊருக்கு இல்லை. ஆயினும் எங்கள் தெருவில் மட்டும் 4 முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். தாத்தா 1969-ல், 19 வயதில், படையில் சேர்ந்தார். பெங்களூரில் பயிற்சி பெற்று மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவில் பணியாற்றினார். பாலம் கட்டுவதும், பாதை அமைப்பதும், எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடிகளை அகற்றுவதும் அவர்கள் வேலை. அந்தப் படைப்பிரிவினரைப் பட்டாளம் முழுவதும் 'தம்பி' என்றே செல்லமாக அழைக்குமாம். 1971-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் போரின்போது தாத்தா மேற்கு எல்லையில் இருந்தார். 1987-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பினார்.

ஓய்வு பெற்ற வீரர்களுக்காக மத்திய அரசு 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஒரு மருத்துவத் திட்டத்தை நடத்தி வருகிறது. முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் என்பது அதன் பெயர். எங்கள் வீட்டில் சுருக்கமாக இ.சி.எச்.எஸ். என்போம். ஓய்வு பெறும் வீரர் ஒரு தடவை ஒரு தொகையைச் செலுத்தினால், அவரும் அவரைச் சார்ந்தவர்களும் வாழ்நாள் முழுவதும் மருத்துவம் பெறலாம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் அந்தத் தொகையையும் செலுத்த வேண்டியதில்லை. ஆகவே தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் செலவின்றியே அட்டை கிடைத்தது. (எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம்.) நாடெங்கும் 400-க்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இத்திட்டத்தின் கீழ் உள்ளன. 50 லட்சத்துக்கும் அதிகமானோர் இதனால் பயன் பெறுகிறார்கள். இது மிகப் பெரிய காரியம். இதன் அருமையை எங்கள் குடும்பம் நேரில் கண்டது. அதை முதலில் சொல்வதே நியாயம்.

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு விடியற்காலையில் தாத்தாவுக்கு நெஞ்சு வலி கண்டது. வலி இடது தோள் வரை பரவியது. வேட்டி சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்துவிட்டது. அப்பா உடனே வாடகைக் கார் பிடித்து, திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் திறந்து, உள்ளே 'ஸ்டென்ட்' என்னும் சிறு வலைக்குழலைப் பொருத்தினார்கள். தாத்தா 5-ஆம் நாள் வீடு திரும்பினார். அத்தனை செலவுக்கும் எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அன்று ஆயா அந்த அட்டையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பெரிய ஆபத்து நீங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். சிறிய மாத்திரைகளைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை.

மருத்துவமனையிலிருந்து வரும்போது 5 வகை மாத்திரைகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின், அதனுடன் டிகாக்ரிலர். கொழுப்பைக் குறைக்க அட்டர்வாஸ்டாட்டின். இதயத் துடிப்பை அடக்கி வைக்க மெட்டோபிரோலால். இதயத்தின் சுமையைக் குறைக்க ராமிப்ரில். இவற்றுள் டிகாக்ரிலரை மட்டும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று நாளுக்கு 2 சாப்பிட வேண்டும். ஓராண்டு வரையில் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று மருத்துவர் விரலை உயர்த்திச் சொல்லியிருந்தார்.

ஏன் தவறக் கூடாது? இதை எங்கள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டரிடம் ஒரு நாள் கேட்டேன். அவர்கள் கரும்பலகையில் ஒரு குழாயை வரைந்து விளக்கினார்கள். உடம்பில் காயம் பட்டால், இரத்தத் தட்டுகள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காயத்தை அடைக்கின்றன. அது இறைவன் நமக்குத் தந்த பாதுகாப்பு. ஆனால் இரத்தக் குழாயினுள் புதிதாக வைத்த உலோக வலையையும் அவை காயம் என்றே எண்ணிக்கொள்கின்றன. அங்கும் திரண்டுவந்து ஒட்டுகின்றன. அவ்விதம் கட்டி உண்டாகிவிட்டால் திறந்த குழாய் திடீரென்று மறுபடியும் அடைத்துக்கொள்ளும். முதல் மாரடைப்பைக் காட்டிலும் அது கொடியதாக இருக்கக்கூடும். நாளடைவில் குழாயின் உட்சுவர் வளர்ந்து அந்த வலையைப் போர்வை போல மூடிக்கொள்ளும். அதுவரை இரத்தத் தட்டுகளை ஒட்டவிடாமல் தடுத்து நிற்பவை அந்த இரு மாத்திரைகளே. "ஸ்டென்ட் வைப்பது அரை வேலை. மாத்திரை மீதி அரை வேலை" என்று சிஸ்டர் சொன்ன வார்த்தை என் மனத்தில் பதிந்துவிட்டது.

அந்த மீதி அரை வேலைக்குத்தான் தாத்தா மாதந்தோறும் நகரத்துக்குப் புறப்பட்டார். பாலிகிளினிக் எங்கள் ஊரிலிருந்து 38 கிலோமீட்டர். விடியற்காலை 5 மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் டோக்கன் கிடைக்கும். டோக்கன் வாங்கி, பெயர் பதிந்து, மருத்துவரைப் பார்த்து, சீட்டு வாங்கி, மருந்து கொடுக்கும் ஜன்னல் முன் நிற்பதற்குள் பகல் 12 மணி ஆகிவிடும். ஒரு மாத மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினால், அடுத்த 30-ஆம் நாள் மீண்டும் அதே பேருந்து, அதே வரிசை. பள்ளி விடுமுறை நாட்களில் நானும் துணைக்குப் போவேன். அந்த வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் மனம் நெகிழும். எல்லாரும் வயதானவர்கள். சிலர் கைத்தடியுடன் வருவார்கள். இறந்துபோன கணவரின் புகைப்படம் ஒட்டிய பழைய புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு விதவைத் தாய்மார்களும் வருவார்கள். ஆனாலும் ஒருவரும் வரிசையை முந்த மாட்டார்கள். ஜன்னல் திறந்ததும் முதுகுகள் தாமாகவே நிமிர்ந்துவிடும்.

முதல் 2 மாதங்கள் எல்லா மாத்திரைகளும் கிடைத்தன. மூன்றாம் மாதம், தை பிறந்தபோது, மருந்தாளுநர் சீட்டைப் பார்த்து நாலு மாத்திரைகளை எடுத்து வைத்தார். ஐந்தாவதன் எதிரில் 'இருப்பில் இல்லை' என்று குறித்தார். அது டிகாக்ரிலர். வெளிக்கடையிலிருந்து வரவழைக்க எழுதியிருப்பதாகவும், ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கும்படியும் சொன்னார். ஒரு வாரம் கழித்துத் தாத்தா போனார். வரவில்லை. மீண்டும் போனார். 15 நாளுக்கு உரியது மட்டும் வந்திருந்தது. அந்த மருந்தாளுநரை நான் குறை சொல்ல மாட்டேன். "பெரியவரே, எனக்கு வந்தால்தானே நான் உங்களுக்குக் கொடுக்க முடியும்?" என்று அவர் சொன்னபோது அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. பட்டியல் அனுப்புவது ஓரிடம், பணம் ஒதுக்குவது வேறிடம், மருந்து வாங்குவது இன்னோரிடம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும், கடைசியில் வெறுங்கையோடு திரும்புகிறவர் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்தான்.

இது தாத்தா ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் 2015-ஆம் ஆண்டில் இத்திட்டத்தைப் பற்றித் தனி அறிக்கையே அளித்தார். மருந்துத் தட்டுப்பாடும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது. ஆகவே நோய் தெரியாதது அல்ல. மருந்து சேர வேண்டிய இடத்துக்கு நாள் தவறாமல் சேர வேண்டும் என்பதுதான் குறை.

அந்த மாதம் அப்பா வெளிக்கடையில் டிகாக்ரிலர் வாங்கினார். ஒரு மாதத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. ரசீதையும் மருந்துச் சீட்டையும் இணைத்து விண்ணப்பித்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றார்கள். தாத்தா விண்ணப்பித்தார். ஒரு ரசீதில் மருத்துவர் கையெழுத்து இல்லை என்று தாள்கள் திரும்பி வந்தன. கையெழுத்து வாங்கி அனுப்பினார். அட்டையின் நகல் தெளிவாக இல்லை என்று மறுபடியும் வந்தது. கடைசியில் பணம் வந்து சேர 7 மாதங்கள் ஆயின. பணம் வந்தது உண்மையே. ஆனால் இதயம் 7 மாதம் காத்திருக்குமா?

ஒவ்வொரு மாதமும் மகனுடைய சம்பளத்தில் 1,500 ரூபாய் தம்மால் குறைகிறதே என்பது தாத்தாவின் உள்ளத்தை அரித்தது. அதை அவர் வெளியில் சொல்லவில்லை. பட்டாளத்து மனிதர் அல்லவா? பசித்தாலும் சொல்ல மாட்டார். வலித்தாலும் சொல்ல மாட்டார்.

மாத்திரைப் பெட்டியை ஒழுங்காக வைக்கும் வேலை என்னுடையது. பங்குனி மாதத்தில் ஒரு நாள், ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெட்டியைத் துடைத்து அடுக்கினேன். டிகாக்ரிலர் அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 60 மாத்திரைகள் வாங்கி 20 நாள் ஆகியிருந்தது. நாளுக்கு 2 வீதம் 40 போக, 20 இருக்க வேண்டும். ஆனால் 31 இருந்தன. மறுபடியும் எண்ணினேன். 31-தான். அதற்கு ஒரே விடைதான் உண்டு. தாத்தா காலை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இரவு மாத்திரையைப் பல நாட்கள் சாப்பிடவில்லை. 30 நாள் மருந்தை 40 நாளுக்கு மேல் இழுக்கப் பார்க்கிறார்.

எனக்குக் கை நடுங்கியது. சிஸ்டர் வரைந்த அந்தக் குழாய் கண்முன் நின்றது. ஆயாவிடம் சொன்னால் அழுவார். அப்பாவிடம் சொன்னால் கோபப்படுவார். தாத்தாவிடமே போனேன். அவர் திண்ணையில் சாய்ந்திருந்தார்.

"தாத்தா, ராத்திரி மாத்திரை ஏன் போடறதில்லை?" என்று கேட்டேன்.

அவர் சிரித்து மழுப்பினார். "ஒன்னுக்கு ஒன்னு விட்டுப் போட்டா போதும் கண்ணு. உடம்பு நல்லாத்தானே இருக்கு? உங்கப்பன் எவ்வளவுதான் செலவு பண்ணுவான்?"

எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. சிஸ்டர் சொன்ன இரத்தத் தட்டுகளைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அசையவில்லை. அப்போதுதான் அவர் எனக்குச் சிறு வயது முதல் சொல்லிவந்த கதை நினைவுக்கு வந்தது. கண்ணிவெடி புதைத்த நிலத்தில் பாதை திறப்பது எப்படி என்று அவர் எத்தனையோ இரவுகள் சொல்லியிருக்கிறார். டிசம்பர் மாதக் குளிரில், இருட்டில், மண்ணோடு மண்ணாகக் கவிழ்ந்து படுத்து, இரும்புக் கம்பியால் விரற்கடை விரற்கடையாகக் குத்திப் பார்க்க வேண்டும். வெடி தட்டுப்பட்டால் சுற்றியுள்ள மண்ணைக் கையால் விலக்கி மெல்ல எடுக்க வேண்டும். சோதித்த பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வரும் வீரர்களும் வண்டிகளும் அந்த நாடாவை நம்பித்தான் வருவார்கள்.

"தாத்தா, அந்த நிலத்தில ஒரு அடி பாத்துட்டு, ஒரு அடி விட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டேன்.

தாத்தா என்னையே பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சொம்புல தண்ணி கொண்டா" என்றார். கொண்டுவந்தேன். அன்றைய இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். "பின்னால வர்றவங்க நீங்கதானே" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே அப்பாவும் தாத்தாவும் பாலிகிளினிக் மருத்துவ அலுவலரைப் பார்த்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த அம்மையார் கோபிக்கவில்லை. உடனே இதய நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். நிபுணர் தாத்தாவைச் சோதித்துப் பார்த்து, டிகாக்ரிலருக்குப் பதிலாகக் குளோபிடோகிரல் என்னும் மாத்திரையை எழுதினார். அது நாளுக்கு ஒன்று, விலையும் குறைவு, பாலிகிளினிக்கிலும் இருப்பில் இருந்தது. எல்லா நோயாளிக்கும் இப்படி மாற்ற முடியாது என்றும், நாமாக மாற்றினால் ஆபத்து என்றும் அவர் எச்சரித்து அனுப்பினார். 2024 ஐப்பசியில் ஓராண்டு நிறைந்தது. இப்போது தாத்தா மற்ற மாத்திரைகளுடன் ஆஸ்பிரினை மட்டும் தொடர்ந்து சாப்பிட்டு வருகிறார். கொல்லையில் கத்தரிக்குப் பாத்தி கட்டுகிறார்.

எங்கள் கதை நல்லவிதமாக முடிந்தது. ஆனால் எதிர்வீட்டுத் தாத்தாவின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். சில ஆண்டுகள் மட்டுமே பணியாற்றி, ஓய்வூதியம் பெறும் அளவுக்குச் சேவை நிறையாமல் ஊர் வந்தவர். இத்திட்டம் அடிப்படையில் ஓய்வூதியம் பெறுவோருக்கானது. 2019-ல் இரண்டாம் உலகப்போர் வீரர்களையும், குறுகிய காலப் பணி செய்த அதிகாரிகளையும் இதில் சேர்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுத் தாத்தா எந்த வகையிலும் வரவில்லை. அவருக்கும் இதய நோய் உண்டு. அவரிடம் அட்டை இல்லை. நெற்கதிர் அறுப்பு நடக்கும் மாதங்களில் அவர் மாத்திரை வாங்குவார். மற்ற மாதங்களில் வாங்க மாட்டார். இருவரும் ஒரே சீருடை அணிந்தவர்கள்தான். இதயங்களும் ஒரே விதமாகத்தான் துடிக்கின்றன. ஓர் அட்டையினால் மட்டும் எவ்வளவு வேற்றுமை!

ஏன் இப்படி நேர்கிறது என்று நான் பலமுறை சிந்தித்ததுண்டு. பெரிய செலவு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ஸ்டென்ட் விலை ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தபோது, 2017 பிப்ரவரியில் அரசு அதற்கு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றது. அது பாராட்டத்தக்க செயல். காப்பீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பெயர் உண்டு, படம் உண்டு, கணக்கு உண்டு. மாத்திரையோ தினமும் நடக்கிற சிறிய காரியம். அதை யாரும் படம் பிடிப்பதில்லை. ஆனால் பெரிய சிகிச்சை காப்பாற்றிய உயிரைக் கடைசிவரை தாங்கிப் பிடிப்பது அந்தச் சிறிய காரியமே. வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஓடு மாற்றக் காசு இல்லை என்றால் மழை உள்ளேதானே வரும்?

மனம் வைத்தால் வழி உண்டு என்பதையும் கண்ணாரக் காண்கிறோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. எங்கள் தெருமுனையில் உள்ள பூக்கார ஆயாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் ஒரு சகோதரி வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, முன்னாள் படைவீரர்கள் வழக்கமான மருந்தை வெளியில் வாங்கிப் பணத்தைத் திரும்பப் பெற அனுமதி அளித்தார்கள். ஆகவே விதிகள் கல்லில் வெட்டியவை அல்ல. தேவை வந்தால் வளைந்து கொடுக்கும். அப்படியானால் 75 வயதுத் தாத்தா விடியற்காலைப் பேருந்தில் தொங்காதபடி, 38 கிலோமீட்டர் கடந்து அவர் மாத்திரை அவரைத் தேடி வர முடியாதா? ஒரு மருந்து தீரும் முன்பே அடுத்தது வந்து சேரும்படி கணக்கிட முடியாதா? ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் போட்ட கணக்கு அது. பெரிய அலுவலகங்களுக்கு அது கடினமாயிராது.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் தினமும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நான் அனுபவத்தில் கற்றவற்றைச் சொல்கிறேன்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் மாத்திரைக் கணக்கு எழுதுங்கள். வாங்கிய நாள், எண்ணிக்கை, தீரும் நாள் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். 10 நாளுக்கு உரியது மீதி இருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அன்போடு காரணம் கேளுங்கள், அதட்டாதீர்கள். பெரியவர்கள் மாத்திரையை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் நமக்காகத்தான்.

கம்பெனி வைத்த பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. மருந்தின் பொதுப்பெயரையும் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரி 24-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் பொதுப்பெயர் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எதிர்வீட்டுத் தாத்தா இப்போது அங்கேதான் வாங்குகிறார். ஆனால் எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவோ, குறைக்கவோ, மாற்றவோ விடாதீர்கள். மெட்டோபிரோலால் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலியே திரும்பி வரலாம்.

ரசீது, மருந்துச் சீட்டு, அட்டை நகல் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். விண்ணப்பம் எழுதத் தாத்தாக்களுக்குக் கண் தெரியாது; நமக்குத் தெரியும். நம் கையெழுத்து அழகாக இருப்பது பரிசு வாங்குவதற்கு மட்டுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் நம் நாட்டில் கொடி நாள் கொண்டாடுகிறோம். 1949 முதல் இது நடந்துவருகிறது. அன்று நம் பள்ளியிலும் உண்டியல் வரும். நாணயத்தைப் போட்டுவிட்டு ஒரு சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வோம். அந்த நாணயம் எங்கே போகிறது என்று நான் முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. கொடி நாள் நிதியிலிருந்து, ஓய்வூதியம் இல்லாத முன்னாள் வீரர்களுக்கு மருத்துவ உதவியும் வழங்கப்படுகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு இது தெரியவே தெரியாது. சென்ற கோடை விடுமுறையில் அவர் சொல்லச் சொல்ல நான் விண்ணப்பம் எழுதினேன். தம் பழைய படை எண்ணைக் கேட்டபோது, தாளைப் பார்க்காமலே கடகடவென்று சொன்னார். அத்தனை ஆண்டுகள் ஆகியும் அதை அவர் மறக்கவில்லை.

நாட்டின் எல்லையில் இவர்கள் நின்றபோது, இன்று விடுமுறை, நாளை வருகிறேன் என்று சொல்லவில்லை. பனியிலும் வெயிலிலும் ஒவ்வொரு நாளும் நின்றார்கள். அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியும் ஒவ்வொரு நாளும் சென்றுசேர வேண்டும். கொடி நாளில் மாலை போட்டுவிட்டு, மற்ற நாட்களில் ஜன்னலுக்கு வெளியே நிற்க வைப்பது நன்றி ஆகாது. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை என்று அவர்கள் கையில் வந்து சேர்வதே உண்மையான நன்றி. வருகிற டிசம்பர் 7-ல் உண்டியல் உங்கள் வகுப்புக்கு வரும்போது, உங்கள் காசு எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு வேளை மருந்தாகப் போய்ச் சேரக்கூடும் என்று நினைத்துப் போடுங்கள்.

— 11-ஆம் வகுப்பு, அறிவியல் பிரிவு